நாற்பத்து மூன்று இடங்களில் ஒருத்தி

ஒரு படம் பார்க்க நூறு பேர் போனால் தொண்ணூற்றொன்பது பேர் கதாநாயகனைப் பார்ப்பார்கள். மிச்சமுள்ள ஒருவர் அவனுக்குப் பின்னால் தெருவில் போகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த ஒருவர் ஒரு தையற்காரர். தெருவில் போகிறவர்களை வரைந்தது அவருடைய தங்கை.

தங்கை வேலை பார்ப்பது கார்ட்டூன் படம் எடுக்கும் ஒரு நிறுவனத்தில். ஆற்றங்கரையில் முன்பு நூல் கிடங்காக இருந்த கட்டடம். கதாநாயகனையும் இளவரசியையும் பேசும் குதிரையையும் வரைகிறவர்கள் இரண்டாம் மாடியில் இருந்தார்கள். அவர்களுக்கு ஆற்றைப் பார்த்த ஜன்னல். மூன்றாம் மாடியில், தகரக் கூரைக்குக் கீழே, கூட்டப் பிரிவு. சந்தை, ரயில் நிலையம், அரண்மனை முற்றம், மழை பெய்யும் தெரு, எதுவானாலும் அதில் நிற்கிற, நடக்கிற, குனிந்து எதையோ பொறுக்குகிற மனிதர்களை வரைவது அங்கிருந்த பதினோரு பேரின் வேலை. அதில் அவள் இருபத்திரண்டு ஆண்டுகள் இருந்திருக்கிறாள். பதினான்கு படங்கள். அலுவலகத்தில் அவளைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. கும்பலக்கா என்றால்தான் திரும்புவாள்.

பள்ளிக்கூடத்தோடு அவள் படிப்பு நின்றுபோனது. ஓவியம் என்று தனியாக யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பஸ் நிறுத்தத்தில் நின்று நின்று கற்றுக்கொண்டாள். சந்தைக் காட்சியில் இருநூறு பேர் என்றால் இருநூறு பேருக்கும் ஆளுக்கொரு தொல்லை கொடுத்துவிடுவாள். ஒருவருக்குப் புதுச் செருப்பு கடிக்கும். ஒருத்திக்குக் கம்மல் ஒன்று தொலைந்திருக்கும், அது அவளுக்கு இன்னும் தெரியாது. ஒரு பெரியவர் தும்மலுக்காகக் காத்திருப்பார், தும்மல் வராது. திரையில் அவர்கள் தெரிவது இரண்டே விநாடிதான். அதற்குள் கதாநாயகன் குதிரையில் ஏறிவிடுவான். ஆனாலும் பார்க்கிறவர்களுக்கு, காரணம் தெரியாமலே, அந்தத் தெருவை நம்பத் தோன்றும். அவளுக்குப் பிறகு அப்படி வரைந்தவர்கள் இல்லை. அவளுக்கு முன்பும் அதிகம் பேர் இருந்ததாகத் தெரியவில்லை.

அண்ணன் ஒவ்வொரு படத்தையும் முதல் நாளே பார்த்துவிடுவார். ஒரு நோட்டும் பென்சிலும் கூடவே போகும். இருட்டில் எழுதிய எழுத்து ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். வீட்டுக்கு வந்து நல்ல தாளில் திருத்தி எழுதுவார். முதல் படம் வந்தபோது அவர் சொன்ன விமர்சனம் இவ்வளவுதான்:

"குட்டி, அந்த ரொட்டிக் கடைக்காரன் சட்டையில பட்டன் பொம்பளைப் பக்கம் இருக்கு."

"அண்ணா, நான் முந்நூறு பேர் போட்டிருக்கேன்."

"அதுல இருநூத்தித் தொண்ணூத்தொன்பது பேரு சரியாத்தான் இருக்காங்க. அதையா சொல்லிட்டு இருப்பாங்க?"

அதற்கப்புறம் அவள் வரைந்த ஒரு பட்டன்கூடத் தப்பாக இருந்ததில்லை.

கூட்டம் வரைகிறவர்களுக்கு ஒரு கண்டிப்பான விதி உண்டு. கூட்டத்தில் இருக்கிற யாரும் பார்வையாளரின் கண்ணைப் பார்க்கக் கூடாது. பார்த்தால் அப்புறம் கதாநாயகனை யாரும் பார்க்க மாட்டார்கள். விதி மேலிருந்து வந்தது. வழக்கம் ஒன்றை அவர்களே உண்டாக்கிக்கொண்டார்கள். ஒவ்வொருவரும் ஒரு படத்தில் தனக்கு வேண்டிய ஓர் ஆளைக் கூட்டத்துக்குள் நடக்க விடலாம். ஒரு படத்துக்கு ஒரு முறை, ஒரே காட்சி. அதற்கு 'வீட்டு ஆள்' என்று பெயர். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை, ஆனால் ஒருமுறைக்கு மேல் வைத்தால் மற்றவர்கள் சும்மா விட மாட்டார்கள். ஒருவர் தான் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரரைப் படத்துக்குப் படம் மழையில் குடையில்லாமல் நிறுத்திவைப்பார். பிரிவிலேயே மூத்தவர், பாதங்களை வரைவதில் கெட்டிக்காரர், அதனால் கால்காரர் என்று பெயர் வாங்கியவர், தன் மனைவியை ஒவ்வொரு படத்திலும் ஒரு நகைக் கடை வாசலில் நிற்க வைப்பார். "உள்ளே மட்டும் விட்டதில்லைம்மா. ஜாக்கிரதையா இருக்கணும்ல?" என்பார்.

அவளுடைய வீட்டு ஆள் அம்மா. பதினான்கு படத்திலும் அம்மாதான்.

அம்மா ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் வேலை பார்த்தவள். முழங்கால் வரை நீலக் கோட்டு, இடது தோளில் துணிப்பை, பஸ்ஸைப் பிடிக்க ஒரு அரை ஓட்டம். நடையும் இல்லை, ஓட்டமும் இல்லை. ஓடினால் பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், நடந்தால் பஸ் போய்விடும், இரண்டுக்கும் நடுவில் ஒன்று. தங்கைக்குப் பதினெட்டு வயதில் அம்மா நோய் கண்டு போய்ச் சேர்ந்தாள். வீட்டில் இருந்த ஒரே படம் வேலை அட்டையில் ஒட்டியது. அதிலும் ஆஸ்பத்திரி முத்திரை வாயையும் மோவாயையும் மறைத்திருந்தது. அதனால் தங்கை எப்போதும் அம்மாவைப் பின்னாலிருந்துதான் வரைந்தாள், மிஞ்சிப்போனால் பக்கவாட்டில் ஒரு கன்னம். விதிக்கும் அது வசதியாக இருந்தது. முகத்தை அப்புறம் வரையலாம் என்று ஒவ்வொரு படத்திலும் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் மெஷின் வந்தது.

வந்தது என்றால் ஒரு பெட்டியோ சக்கரமோ வரவில்லை. ஒரு காலையில் எல்லோருடைய திரையிலும் ஒரு புதுக் கட்டம் இருந்தது. அதில் "மழைத் தெரு, நாலாயிரம் பேர்" என்று எழுதினால் நாலாயிரம் பேர் வந்தார்கள். முதல் தடவை அதைக் காட்டியபோது அவள் வாயைத் திறந்தபடி நின்றாள். பதினோரு பேருக்கு நாலு மாசம் பிடிக்கிற வேலை, கையில் இருந்த டீ ஆறுவதற்குள் முடிந்திருந்தது. அழகாகவும் இருந்தது. அதை அவள் மறைக்கவில்லை. மழை ஒவ்வொரு தோளிலும் தனித்தனியாக விழுந்து தெறித்தது. கடலை முதல்முதலாகப் பார்க்கிறவளைப் போல அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

கால்காரர் மட்டும் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "எல்லாரும் நல்லாத்தான் நடக்குறாங்க. ஆனா ஒருத்தனுக்காவது கால் வலிக்குதா பாரு" என்றார்.

வருஷம் முடிவதற்குள் பதினோரு பேரில் ஒன்பது பேர் போய்விட்டார்கள். ஒருத்தர் பேக்கரியில் கேக்கின்மேல் பூப் போடுகிறார். ஒருத்தி வேறு ஊருக்கே போய்விட்டாள். மழையில் வீட்டுச் சொந்தக்காரரை நிறுத்தியவர் இப்போது அதே வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறார், வாடகை கேட்டு வருகிற மனிதரை நேருக்கு நேர் பார்க்க வெட்கப்படுகிறாராம். அவளும் கால்காரரும் மிஞ்சினார்கள். வரைவதற்காக இல்லை, சல்லடை போட்டதுபோலச் சலிப்பதற்காக. மெஷின் கொடுக்கும் கூட்டத்தில் ஒருவருக்குள் ஒருவர் புகுந்து போகிறார்களா, குடைக்குக் கீழே கை இருக்கிறதா, சுவரில் யாராவது பாதி முளைத்து நிற்கிறார்களா என்று பார்த்துத் துடைப்பது. தலைமைக்கு முப்பது வயதில் ஒரு தம்பி வந்தான். எதைக் கேட்டாலும் அட்டவணையைத் திறப்பான். நல்ல பிள்ளைதான். அட்டவணைத் தம்பி என்று கால்காரர் பெயர் வைத்தார், அவனுக்கும் அது தெரியும்.

ஒரு கூட்டத்தைப் படைத்துக்கொண்டிருந்தவள் அதற்கு வாயில்காப்பவளாகிப் போனாள். மாலையில் வேலை முடிந்து நாற்சந்தியில் நிற்கும்போது அவளுக்குச் சில நாள் குழப்பமாக இருக்கும். எதிர்ப்பக்கம் விளக்கு மாறி ஜனங்கள் இறங்கி வரும்போது, கண் தானாகவே ஒவ்வொருவர் காலும் தரையில் படுகிறதா என்று பார்க்கும். எல்லோர் காலும் தரையில்தான் பட்டது. அதில் அவளுக்கு ஒரு நிம்மதி.

பதினைந்தாவது படத்தில் அது நடந்தது. ஒரு பெரிய பஸ் நிலையம். காலை வெயில் தூசியில் சாய்ந்து விழுகிறது, நாலு பக்கமும் ஆட்கள். அவள் இடமிருந்து வலமாகச் சலித்துக்கொண்டு வந்தாள். மூன்றாவது தூணுக்குப் பின்னாலிருந்து ஒரு நீலக் கோட்டு வெளியே வந்தது. இடது தோளில் பை. நடையும் இல்லை, ஓட்டமும் இல்லை.

அவள் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். திரும்ப ஓட்டிப் பார்த்தாள். தூணுக்குப் பின்னாலிருந்து அம்மா மறுபடியும் வந்தாள்.

அன்றைக்கு அவள் யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் மீன் சந்தைக் காட்சியில் இன்னொருத்தி. அதற்கடுத்த நாள் மழைத் தெருவில் இரண்டு பேர், அதில் ஒருத்தி கையில் குடை. அம்மாவுக்குக் குடையே இருந்ததில்லை. மெஷினே ஒன்றைக் கொடுத்திருந்தது. விளையாட்டு மைதானத்தின் கடைசி வரிசையில், அரண்மனை வாசலில், கோமாளியின் கூடாரத்தைக் கடந்து, அம்மா நீலக் கோட்டோடு எதையோ பிடிக்கப் போய்க்கொண்டே இருந்தாள். அந்த வாரம் முழுக்க அவள் காலையில் சீக்கிரமாகவே அலுவலகம் போனாள். கனவில் ஒரு வீட்டுக்குள் போனால் கதவுக்குப் பின் கதவாகத் திறந்துகொண்டே போகுமே, அப்படி, ஒவ்வொரு காட்சியைத் திறந்தாலும் உள்ளே அம்மா இருந்தாள்.

காரணம் பிறகு புரிந்தது, கால்காரர்தான் சொன்னார். மெஷினைப் பழக்கியது அந்த நிறுவனத்தின் பழைய பதினான்கு படங்களைக் கொடுத்து. மற்றவர்கள் வீட்டு ஆட்களை மாற்றிக்கொண்டார்கள், இல்லாவிட்டால் உடுப்பையாவது மாற்றினார்கள். அவர் மனைவிக்கே படத்துக்குப் படம் புது உடை. இவள் மட்டும் பதினான்கு படத்திலும் ஒரே கோட்டு, ஒரே பை, ஒரே அரை ஓட்டம். இந்த ஊர்க் கூட்டம் என்றால் அதில் இந்தப் பெண் இருந்தாக வேண்டும் போலிருக்கிறது என்று மெஷின் எண்ணிக்கொண்டுவிட்டது.

"நான் நகைக் கடைக்குள்ள விடாததுக்கு இதுதாம்மா காரணம். இப்ப மெஷின் எங்க வீட்டம்மாவை நாப்பது கடைக்குள்ள விட்டிருக்கும்" என்றார் கால்காரர். அவள் சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

புதன்கிழமை அட்டவணைத் தம்பி வந்தான்.

"அக்கா, இந்த நீலக் கோட்டு யாரு? திரும்பின பக்கமெல்லாம் இவங்களே நிக்கிறாங்க."

"நிக்கல தம்பி. ஓடுறாங்க."

"ஓடட்டும்க்கா. நாப்பத்து மூணு இடத்துல ஓடக் கூடாதுல்ல? இந்த லிஸ்ட்டப் பாருங்க. சின்னப் பிள்ளைங்க இதெல்லாம் உடனே கண்டுபிடிச்சிரும். அப்புறம் நம்மள வெச்சு ஓட்டிருவாங்க."

அவன் ஒரு படிவத்தை வைத்தான். திரையில் ஒரு பொத்தானை அழுத்தினால் நாற்பத்து மூன்றும் போய்விடும், அந்த இடத்தை மெஷினே வேறு ஆளால் நிரப்பிக்கொள்ளும். கீழே ஒரு கட்டம்: 'பிழை. இந்த உருவம் இனி வேண்டாம்.' அதில் குறியிட்டுவிட்டால் எந்தப் படத்திலும் அந்தப் பெண் வரமாட்டாள். குறியிடாவிட்டால் வந்துகொண்டே இருப்பாள். பிரிவில் மூத்த சலிப்பாளி என்ற முறையில் அவள் கையெழுத்து வேண்டும். அடுத்த வெள்ளிக்குள்.

அன்று மாலை அவள் அண்ணனின் கடைக்குப் போனாள். அவர் பள்ளிச் சீருடைத் துணி வெட்டிக்கொண்டிருந்தார். அவள் சொல்லச் சொல்ல, பாதித் துணியில் கத்தரியை வைத்துவிட்டு நிமிர்ந்தார். பாதியில் கத்தரியை வைக்கிறவர் அல்ல அவர்.

"எத்தனைன்னு சொன்னே?"

"நாப்பத்து மூணு."

"முகம் தெரியுதா?"

"ஒன்பதுல தெரியுது. நேரா பாக்குறாங்க. அண்ணா, எனக்கு அது அம்மாவான்னே தெரியல."

"எனக்குக் காட்டு."

"வெளிய கொண்டுவர விட மாட்டாங்க."

"அப்ப நான் உள்ள வரேன்" என்றார் அண்ணன். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் அந்தக் கட்டடத்துக்குள் போனதில்லை. கூப்பிடாத இடத்துக்குப் போகக் கூடாது என்பது அவர் கொள்கை. தங்கை கூப்பிட வேண்டும் என்று அவர் காத்திருந்தது அவளுக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில், கஞ்சி போட்டுத் தேய்த்த சட்டையோடு, வாசலில் வந்து நின்றார். காவலாளி பதிவேட்டைத் திறந்துவைத்துக்கொண்டு யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டான்.

"எங்கம்மாவை."

"எந்தப் பிரிவு?"

"கூட்டப் பிரிவு" என்றார். அவன் எழுதிக்கொண்டான்.

கால்காரர் தன் நாற்காலியைக் கொடுத்தார். அண்ணன் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். தங்கை ஒவ்வொன்றாகத் திறந்தாள். அவர் துணி வாங்குகிறவரைப் போலப் பார்த்தார், அவசரமே இல்லாமல்.

"இது இல்ல. இதுல தோள் தூக்கிக்கிட்டு இருக்கு... இது நடை சரி, கோட்டு புதுசு. அம்மா கோட்டுல முழங்கைகிட்ட ஒட்டுப் போட்டிருக்கும், நான் போட்டது... இது ஆமா. இது அம்மா. இது யாரோ அம்மா கோட்டைத் திருடிப் போட்டிருக்கா."

கால்காரர் பின்னால் நின்று சத்தமில்லாமல் சிரித்தார்.

முகம் தெரிகிற ஒன்பதில் ஒன்றை அவர் நிறுத்தச் சொன்னார். மீன் சந்தை. நீலக் கோட்டுப் பெண் கூட்டத்துக்குள்ளிருந்து திரும்பிப் பார்க்கிறாள். நேராக, விதியை மீறி.

"இதுதான்" என்றார்.

"இல்லண்ணா. அம்மா யாரையும் இப்படி நேரா பாத்ததே இல்ல."

"உன்னைப் பாத்ததில்ல. நீ பொறக்கறதுக்கு முன்னாடி பாத்திருக்காங்க. எனக்குத் தெரியும்."

"எனக்குத் தெரிஞ்ச அம்மாவுக்குக் கண்ணுக்குக் கீழே இப்படி இருக்காது. உள்ள போயிருக்கும்."

"அது கடைசி ரெண்டு வருஷம்டி."

ஒரே வீட்டில் ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு இரண்டு அம்மா இருந்திருக்கிறார்கள் என்று அதுவரை தெரியாது.

முப்பத்தெட்டாவது இடம் ஒரு பஸ். மெஷினுக்கு எங்கோ கணக்குத் தப்பியிருக்க வேண்டும், தெருவில் ஓட வேண்டியவளைப் பஸ்ஸுக்குள் ஏற்றிவிட்டிருந்தது. ஜன்னல் ஓரம். மடியில் பை. கண்ணாடியில் தலை சாய்த்து நீலக் கோட்டுப் பெண் தூங்குகிறாள். வெயில் அவள்மேல் விழுகிறது, விலகுகிறது, மறுபடி விழுகிறது. பஸ் திரையைக் கடந்து போக மூன்று விநாடி.

அண்ணன் அதைப் போடச் சொல்லிக்கொண்டே இருந்தார். பஸ் வந்து வந்து போயிற்று.

"அம்மா பஸ்ல தூங்குவாங்க. சின்ன வயசுல நான் கூடப் போயிருக்கேன். ஏறி உக்காந்த உடனே தூங்கிருவாங்க. இறங்கற இடம் வந்ததும் யாரும் எழுப்பாமலே முழிச்சுக்குவாங்க."

"எனக்குத் தெரியாது. நான் பாத்ததெல்லாம் பஸ்ஸுக்கு ஓடுறதுதான். ஜன்னல்ல நின்னு பாப்பேன், தெருமுனை வரைக்கும்தான் தெரியும்." பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "மெஷினுக்கு எப்படிண்ணா தெரிஞ்சது?"

"மெஷினுக்கு என்ன தெரியும்? பஸ்ல ஆள் இருந்தா பாதிப் பேரு தூங்குவான், அது தெரியும்" என்றார் அண்ணன். ஆனால் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

போகும்போதுதான் சண்டை வந்தது. மாடிப்படியில் நின்று அவள் சொன்னாள், பஸ்ஸில் தூங்குகிறவளை மட்டும் வைத்துக்கொண்டு நாற்பத்திரண்டைத் துடைக்கப் போவதாக.

"துடைக்கவா? அம்மாவையா? உனக்கு எப்படி மனசு வரும்?"

"ஒரு படத்துக்கு ஒருத்தர்தான்ணா. நாங்களா வெச்சுக்கிட்டது. எல்லாரும் அதைக் காப்பாத்தினாங்க. இப்ப அவங்க யாரும் இல்லைங்கறதுக்காக நான் மட்டும் மாத்திக்கலாமா?"

"வழக்கத்தைச் சொல்லாதே. தானா வந்தவங்களை வெளிய தள்றதா வழக்கம்?"

"நாப்பத்து மூணு பேரா இருந்தா அது அம்மா இல்லண்ணா. சுவர்ல ஒட்டற பூக்காகிதம்."

அவர் இறங்கிப் போனார். எட்டு நாள் பேசவில்லை. அண்ணி இரண்டு பக்கமும் செய்தி கொண்டுபோய், கடைசியில், "நான் என்ன தந்திக் கம்பமா?" என்று அதையும் நிறுத்திவிட்டாள்.

அவள் பொத்தானை அழுத்தவில்லை. கையால் துடைத்தாள், ஒவ்வொருவராக. ஆறு நாள் ஆயிற்று. ஓர் ஆளை எடுத்தால் அந்த இடத்தில் ஆளின் வடிவத்தில் ஒரு வெளிச்சம் நிற்கும். கொஞ்ச நேரம்தான். பக்கத்தில் போகிறவர்கள் மெல்ல விலகி, ஒருவர் தோள் சரிய, ஒருவர் கூடையை மாற்றிப் பிடிக்க, கூட்டம் அந்த இடத்தை மூடிக்கொள்ளும். தண்ணீர் மூடுவதைப் போல. அப்புறம் அங்கே யாரோ இருந்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. குடை பிடித்தவளைத் துடைக்கும்போது குடையை மட்டும் பக்கத்திலிருந்த ஒரு கிழவியின் கையில் கொடுத்துவிட்டுத் துடைத்தாள். மீன் சந்தையில் நேராகப் பார்த்தவளைக் கடைசிக்கு வைத்திருந்தாள். அண்ணன் அம்மா என்று சொன்ன முகம். அரை நாள் அதன் எதிரில் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பெண்ணும் இவளைப் பார்த்தாள், யாருக்கும் கோபமில்லை. பிறகு இவள் பேனாவை எடுத்தாள். ஒரு தாளில் அந்த முகத்தைக் கையால் வரைந்துகொண்டாள், முழு முகம், இருபத்திரண்டு வருஷமாகத் தள்ளிப்போட்டது. அதன் பிறகு திரையில் துடைத்தாள்.

வெள்ளிக்கிழமை படிவத்தோடு அட்டவணைத் தம்பியிடம் போனாள். 'பிழை' என்ற சொல்லைக் கோடு போட்டு அடித்திருந்தாள். 'இனி வேண்டாம்' என்பதில் குறி இருந்தது. காரணம் எழுதும் இடத்தில், 'இவர் எங்கள் வீட்டு ஆள். ஒரு படத்துக்கு ஒரு முறைதான் வருவார். இந்தப் படத்தில் வந்துவிட்டார்' என்று இருந்தது.

அவன் இரண்டு தடவை படித்தான். வீட்டு ஆள் என்றால் என்ன என்று கேட்டான். அவள் சொன்னாள். அவன் ரொம்ப நேரம் பேனாவைத் திருகிக்கொண்டிருந்தான்.

"முப்பத்தெட்டாவது இருக்கட்டும்க்கா. ஒரு ஆள்தானே, லிஸ்ட்ல வராது" என்றான். "ஆனா குறி போட்டுட்டா அடுத்த படத்துல வரமாட்டாங்க. தெரியுமில்ல?"

"தெரியும். அடுத்த படத்துக்கு ஒரு ஆளை நான் கையால வரைஞ்சு உள்ள விடறேன். ஒண்ணே ஒண்ணு. கால்காரர் ஒண்ணு."

"அதுக்கு அட்டவணைல நேரம் இல்லக்கா."

"சாப்பாட்டு நேரத்துல வரையறேன். அது உன் அட்டவணைல இருக்கா?"

அவன் பார்த்தான். இல்லை. "சரி," என்றான். பிறகு வாசல் வரை வந்துவிட்டுத் தயங்கி, "எங்க அப்பாவும் இப்படி ஒரு கோட்டு போடுவாருக்கா, பழுப்பு" என்றான். அவள் தலையசைத்தாள். ஒரு படத்துக்கு ஓர் ஆள்தான், அதனால் அவரை வரைந்து தரும் நிலையில் அவள் இல்லை என்பது இருவருக்குமே தெரியும்.

அன்று மாலை நேராக அண்ணனின் கடைக்குப் போனாள். கடை மூடும் நேரம், கடைசி வெளிச்சம் வெட்டு மேஜையின்மேல் நீளமாகக் கிடந்தது. அவர் நிமிராமல் ஊசிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். அவள் தாளை எடுத்து மேஜைமேல் விரித்தாள். மீன் சந்தை முகம், கையால் வரைந்தது.

"உன்னோட அம்மா. வெச்சுக்கோ."

அவர் பார்த்தார். விரலால் முகத்தைத் தொடாமல் தாளின் ஓரத்தை மட்டும் நேராக்கினார்.

"அந்த பஸ்ல இருக்கறது?"

"இருக்காங்க. அவங்க மட்டும்தான்."

"அடுத்த படத்துல?"

"இல்லண்ணா. வேண்டாம்னு எழுதிக் கொடுத்துட்டேன்." மேஜையில் கிடந்த ஓர் ஊசியை எடுத்து அவர் பெட்டியில் போட்டாள். "இருபத்திரண்டு வருஷமா நான் அவங்களை ஓட விட்டுட்டேன். இப்பதான் ஏறி உக்காந்திருக்காங்க. தூங்கட்டும். எழுப்ப வேண்டாம்."

அண்ணன் ஊசிப் பெட்டியை மூடினார். மூடியை ஒருமுறை அழுத்திப் பார்த்தார். தெருவில் யாரோ யாரையோ கூப்பிட்டுக்கொண்டு போனார்கள்.

"அடுத்த படத்துக்கு யாரை விடப் போறே?"

"எழுந்து நட, பாக்கலாம்."

"யாரு, நானா?"

"கடைல வேற யாரு இருக்கா? அந்தக் கதவுலேருந்து இந்த மேஜை வரைக்கும்."

அவர் சட்டையை இழுத்துவிட்டார். காலரைச் சரி செய்தார். கதவருகே போய் நின்று, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, கையை விறைப்பாக வீசி அணிவகுப்பில் வருகிறவரைப் போல வந்தார். அவள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"ஐயோ, சும்மா நட."

"சும்மா எப்படி நடக்கறது? எங்க போறேன்னு சொல்லு. எங்கேன்னு தெரியாம காலு எப்படி வரும்?"

அவள் யோசித்தாள். வெளிச்சம் மேஜையிலிருந்து இறங்கித் தரைக்கு வந்திருந்தது.

"வேலை முடிஞ்சாச்சு. கடையைப் பூட்டியாச்சு. வீட்டுக்குப் போறே. அவசரம் ஒண்ணும் இல்ல."

அண்ணன் திரும்பக் கதவருகே போனார். சாவிக்கொத்தை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஒரு நிமிஷம் அப்படியே நின்றார். பிறகு இடது காலைக் கொஞ்சம் பின்தங்க விட்டு, தெருவோரத்தில் எதையோ பார்த்துக்கொண்டே வருகிறவரைப் போல, மெதுவாக நடந்து வந்தார். அவள் வரையத் தொடங்கியிருந்தாள்.